சார்ஜண்ட் என் வகுப்பில் சேர்ந்தார்

எங்கே போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "நல்லா ஓடிக்கிட்டிருந்த லாயர் வேலைய ஏன் விட்டீங்க?" கேட்பவரின் முகத்தில் பதிலும் தயாராக இருக்கும். இவள் காப்புறுதி நிறுவனங்களுக்காக வழக்காடியவள், விபத்தில் அடிபட்டவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவள், என்றோ ஒருநாள் மனசாட்சி உறுத்தியிருக்கும், அதனால்தான் கல்லூரியில் பாடம் நடத்த ஓடிவந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். நான் இல்லை என்று தலையாட்டினால் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகிவிடும்.

உண்மை அப்படியில்லை. அந்த வேலையை நான் விரும்பிச் செய்தேன், நன்றாகவும் செய்தேன். இப்போது செய்யும் வேலை அதைவிடப் பிடித்திருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை நின்ற நிலையில் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தில், துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டினார். அம்மா ஊரிலுள்ள பெரிய துணிக்கடை ஒன்றில் துணி வெட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் வரிசை வீடுகள் எதிலுமே யாரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. சட்டம் படிக்கிறேன் என்று நான் சொன்னபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "வாய் பேசணுமே, உனக்கு வருமா?" என்பதுதான். அப்போது நான் அவ்வளவு வாயில்லாத பெண்.

வாய் வந்தது ஜொகூர் பாருவில். படிப்பையும் தொழில் தேர்வையும் முடித்துவிட்டு, அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, அங்கேயே வழக்கறிஞராகத் தங்கிவிட்டேன். அலுவலகத்தை நடத்தியவர் இலங்கைத் தமிழர் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார். அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்காக மலாயாவுக்கு வந்தவர். குடும்பத்தில் பாதிப் பேர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட பிறகும் இவர் மட்டும் யாழ்ப்பாணத் தமிழை விடாமல் வைத்திருந்தார். நாங்கள் அவரை 'பாஸ்' என்று அழைப்போம். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. எப்போதும் 'பிள்ளை'தான்.

அலுவலகத்தின் வழக்குகளில் பெரும்பாலானவை சாலை விபத்துகள். கார்மீது மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிள்மீது லோரி, லோரிமீது பேருந்து என்று ஜொகூர் மாநிலத்தின் சாலைகளெல்லாம் எங்கள் கோப்புகளுக்குள் ஓடின. இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவார்கள். மோதிய வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்துக்காக நாங்கள் எதிர்வழக்காடுவோம். மூவார், சிகாமட், குளுவாங், கோத்தா திங்கி என்று வாரம் முழுக்க ஏதாவதொரு ஊரில் எனக்கு வழக்கு இருக்கும். காலையில் இருட்டோடு கிளம்பி, கறுப்புக் கோட்டைப் பின்னிருக்கையில் தொங்கவிட்டு, நீதிமன்றக் கேண்டீனில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால், நேற்றுவரை முகம் தெரியாத மனிதரிடம் அவர் வாழ்க்கையின் மிக மோசமான நாளைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். எளிதான வேலையில்லை. மரியாதை குறையாமல் கேட்கத் தெரிய வேண்டும்.

எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வழக்குக்கு முன்னால் விபத்து நடந்த இடத்துக்கு நேரில் போய்விடுவேன். மற்ற வழக்கறிஞர்கள் போலீஸ் வரைபடத்தையும் புகைப்படங்களையும் பார்த்தே எல்லாவற்றையும் மனதில் கொண்டுவந்துவிடுவார்கள். எனக்கு அந்தத் திறமை இல்லை. சாலை ஓரத்தில் நின்று, வண்டிகள் எப்படி வருகின்றன என்று பார்த்தால்தான் தலைக்குள் ஏறும். என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வரும் அந்த மனிதரை விடுமுறை நாளில் ஓய்வெடுக்க விடாமல் ஏதாவதொரு சாலை வளைவுக்கு இழுத்துப் போவேன். "மத்தவங்க வீட்டுல சண்டேன்னா பீச்சுக்குப் போவாங்க. நீ ஆக்சிடெண்ட் ஸ்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போற" என்பார். ஆனால் வருவார்.

அப்படிப் போன இடங்களில் ஒன்று கூலாய்க்கு வடக்கே, பழைய சாலையில் இருந்தது. இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரியும் எதிரே வந்த மோட்டார் சைக்கிளும் மழைநாளில் வளைவில் மோதிக்கொண்டன. மோட்டார் சைக்கிளில் வந்தவருக்குக் கால் முறிந்து, பிறகு நல்லபடியாகக் கூடிவிட்டது. லோரிதான் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்து இடித்தது என்பது அவர் வழக்கு. லோரி ஓட்டுநர், அப்பா வயதுத் தமிழர், அதற்கு நேர்மாறாகச் சொன்னார். "அவருதான்மா முன்னால போன காடிய முந்துறேன்னு வெட்டிக்கிட்டு என் பக்கம் வந்தாரு. நான் சொன்னா யாரு நம்புவாங்க? லோரிக்காரன்னாலே தப்பு செஞ்சவன்தானே."

காப்புறுதி வழக்கறிஞர் என்றால் நிறுவனத்தின் பணத்தைக் காப்பாற்றுகிறவர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் வழக்கில் பிரதிவாதி என்று முதலில் எழுதப்படும் பெயர் ஓட்டுநருடையது. கவனமில்லாமல் ஓட்டினான் என்று தீர்ப்பு வந்தால் அது அவர்மேல்தான் ஒட்டும். அந்தப் பெரியவர் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு பேருடைய வார்த்தைகளுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு விஷயம். உடைந்த முன்விளக்குக் கண்ணாடி சாலையின் எந்தப் பாதியில் கிடந்தது? விசாரணை அதிகாரியாக இருந்த போலீஸ் சார்ஜண்ட் வரைந்த படம், மோட்டார் சைக்கிளின் பாதியில் கிடந்தது என்று காட்டியது. பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்திலிருந்து அளந்து குறித்திருந்தார். ஆனால் நான் நேரில் போனபோது அங்கே சாலையின் இரு பக்கமும் எதிரெதிரே கம்பங்கள் நின்றன. படத்தில் வரைந்திருந்த கம்பம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், புதருக்குள் இருந்தது. எதிரே, லோரியின் பக்கத்துக் கம்பமோ சாலை ஓரத்திலேயே நின்றது. மழையில் அளக்கும் மனிதர் வாய்க்காலைத் தாண்டிப் புதருக்குள் போயிருப்பாரா? அங்கேயே நின்று கணவரைக் கேட்டேன். "நானா இருந்தா போகமாட்டேன்" என்றார்.

சார்ஜண்ட் சாட்சிக் கூண்டில் ஏறினார். உயரமானவர், நரை விழுந்த மீசை, சலவை மடிப்புக் கலையாத சீருடை. அவரும் தமிழர்தான். ஆனால் நீதிமன்றத்தில் எல்லாம் மலாய்மொழியில்தான் நடக்கும்; பெண் வழக்கறிஞரை மரியாதையாக 'புவான்' என்பார்கள். நான் இடத்தின் புகைப்படத்தைக் கொடுத்து, இரண்டு கம்பங்களையும் காட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார்ஜண்ட், நீங்கள் எந்தக் கம்பத்திலிருந்து அளந்தீர்கள்?"

அவர் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். வாதியின் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபம் சொல்லப் பார்த்தார். நீதிபதி கையமர்த்தினார். சார்ஜண்ட் 'படத்தில் உள்ளபடிதான்' என்று சொல்லியிருந்தால் நான் மேலே போக வழியே இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

"சாலை ஓரத்தில் இருக்கும் கம்பத்திலிருந்துதான் அளந்தேன், புவான்" என்றார். "நிலையத்துக்குத் திரும்பிவந்து படத்தைச் சுத்தமாக வரைந்தபோது பக்கம் மாறிவிட்டது. அது என் தவறு."

அந்தக் கம்பத்திலிருந்து அளந்தால் கண்ணாடி லோரியின் பாதியில் வந்து விழும். வழக்கு எங்கள் பக்கம் முடிந்தது. தீர்ப்பு நாளன்று லோரிப் பெரியவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். சார்ஜண்டை நான் பிறகு வராந்தாவில் பார்த்தேன். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். நானும் அசைத்தேன்.

அதற்குப் பிறகும் அவர் பல வழக்குகளில் எனக்கு எதிர்ப்பட்டார். ஒவ்வொரு தடவையும் அவருடைய வரைபடம் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. வடக்குத் திசைக் குறி, இரு பக்கக் கம்பங்கள், மரங்கள், வாய்க்கால், எந்தக் கோணத்தில் நின்று எடுத்தது என்ற குறிப்போடு புகைப்படங்கள். ஓட்டை தேடித் தேடி நான் களைத்துப்போவேன். "அவருதான் விசாரணை அதிகாரியா? அப்ப பேசி முடிச்சிடுறது நல்லது" என்று நானே காப்புறுதி நிறுவனத்துக்குச் சொன்ன வழக்குகள் உண்டு.

கல்லூரி என் வாழ்க்கையில் நுழைந்ததற்குக் காரணம் பாஸின் மூட்டுவலிதான். ஜொகூர் பாருவில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி, சனிக்கிழமைகளில் சட்ட டிப்ளோமா வகுப்புக்குப் பாடம் எடுக்க அவரைக் கேட்டிருந்தது. படி ஏற முடியாது என்று என்னைத் தள்ளிவிட்டார். "நீர் போய் எடும் பிள்ளை. ஒரு பருவம்தானே. கவனக்குறைவால வாற நட்டம், அதுக்கான சட்டம், உமக்குத் தண்ணி பட்ட பாடுதானே."

முதல் வகுப்பு படுதோல்வி. ஒரு வாரமாக உட்கார்ந்து தயாரித்த குறிப்புகளை வாசித்தேன். கடமை, மீறல், இழப்பு என்று திரையில் வரிவரியாக வந்தது. நீதிபதிகளையே நிமிர்ந்து உட்காரவைத்தவள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. இங்கே பின்வரிசையில் ஒருவன் கன்னத்தில் கைவைத்துத் தூங்கினான். முன்வரிசையில் இருந்த பெண் கைதூக்கினாள். நான் ஆவலோடு குனிந்தேன். "மிஸ், இது எக்ஸாம்ல வருமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "கோர்ட்லயும் இப்படித்தான் பேப்பரப் பார்த்து வாசிப்பியா?" என்றார்.

"கோர்ட்ல யாராச்சும் வாசிப்பாங்களா?"

"அப்புறம் அங்க மட்டும் ஏன் வாசிச்ச?"

அடுத்த சனிக்கிழமை வகுப்பறைக் கதவைத் திறந்து எல்லாரையும் கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனேன். சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு முச்சந்தி வரைந்தேன். பின்வரிசைத் தூங்குமூஞ்சி லோரி ஆனான். தேர்வுக் கேள்வி கேட்ட பெண் மோட்டார் சைக்கிள். இன்னொருவன் சிவப்பு விளக்கு. "இப்ப மோதுங்க" என்றேன். சிரிப்பும் கூத்துமாக மோதினார்கள். யார்மேல் தப்பு என்று கேட்டதும் சிரிப்பு நின்று சண்டை தொடங்கியது. "நான் சிக்னல் போட்டேன்லா!" "எங்க போட்ட? போட்டுட்டு உடனே திரும்பிட்ட!" "அலமாக், அவன் பிரேக்கே பிடிக்கல மிஸ்!" சத்தம் கேட்டுக் காவலாளி ஓடிவந்து, இங்கே சண்டை போடக்கூடாது என்று மலாயில் அதட்டினார். இது வகுப்பு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் நின்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் லோரிமேல்தான் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சுண்ணக்கட்டி முச்சந்தியில் நின்றபோது எனக்குள் ஏதோ திரும்பியது. ஒரு வழக்கில் நான் ஒரு நீதிபதிக்கு ஒரு விபத்தைப் புரியவைக்கிறேன். இங்கே ஒரே மதியத்தில் முப்பது பேர் ஒரு விபத்தைத் தாங்களாகவே புரிந்துகொண்டு, அடுத்த விபத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரு பருவம் என்று போனவள் பருவத்துக்குப் பருவம் போனேன். திங்கள் முதல் வெள்ளிவரை நீதிமன்றம், சனிக்கிழமை கல்லூரி. எந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே மெல்லத் தெரிய ஆரம்பித்தது.

கல்லூரி முழுநேர வேலைக்கு அழைத்தபோது பாஸிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உம்மைப் பங்குதாரராச் சேர்க்கிறதெண்டு நினைச்சிருந்தனான். தெரியுமோ?"

"தெரியும் பாஸ்."

"ஏன் பிள்ளை, இந்த வேலை உமக்கு அலுத்துப் போச்சோ?"

"அலுக்கல பாஸ். அது இன்னும் பிடிச்சிருக்கு."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "கோபத்தில போறவையை மறிக்கலாம். சந்தோசமாப் போறவையை என்னெண்டு மறிக்கிறது?" என்றார். அன்று மதியம் என்னைச் சாப்பிட அழைத்துப்போனார். வாழையிலைச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, என் பழைய வழக்குகளில் எதையெல்லாம் பாடமாக்கலாம் என்று அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்பா அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டது, "அப்ப கறுப்புக் கோட்டு?" என்று.

"அது இனிமே வேணாம்மா."

"டீச்சர் வேலைக்கு எதுக்குடி அவ்வளவு படிச்ச? கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் எம் மக லாயர்னு சொல்லி வச்சிருக்கேன். இனிமே என்னன்னு சொல்றது?"

"லாயர்ங்களுக்குப் பாடம் நடத்துறான்னு சொல்லுங்க."

"ஆமா, சொல்றேன்" என்று வைத்துவிட்டார். சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்குப் போனபோதுகூட விருந்தினர்முன் என் வேலைப் பேச்சு வந்தால் எழுந்து முறுக்குத் தட்டை எடுக்கப் போய்விடுவார்.

ஒரு வருடத்துக்குமேல் இப்படியே போனது. ஒருநாள் அம்மாவே கூப்பிட்டார். குரலில் ஒரு துள்ளல். சிகாமட்டிலிருந்து ஒரு அம்மா பட்டமளிப்பு விழாவுக்கு மகளுக்குச் சேலைத்துணி எடுக்க வந்திருந்தாராம். மகள் ஜொகூர் பாருவில் சட்டம் படிக்கிறாளாம். "அவ மிஸ் ஒருத்தங்க கார் பார்க்குல கோடு போட்டுப் பாடம் நடத்துவாங்களாம். அந்த மிஸ்ஸும் இந்த ஊருக்காரங்கதானாம், உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டா. நான் பேசாம துணிய வெட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் சொன்னேன், அது எம் மகதான்னு. அந்தப் பொம்பள அப்படியே என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா, கடையில எல்லாரும் பாக்குறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அரை மீட்டர் கூட வெட்டிக் கொடுத்துட்டேன். முதலாளி திட்டுறாரு. திட்டட்டும்."

அதற்குப் பிறகு தங்காக்கில் என்னைத் தெரியாத துணிக்கடையே இல்லை.

நான் முழுநேர விரிவுரையாளராகிச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பருவத்தின் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன். புது முகங்களுக்கு நடுவே, சன்னல் ஓரமாக, முதுகை நேராக வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீசை முழுக்க வெளுத்துவிட்டது. சீருடை இல்லை, கட்டம்போட்ட சட்டை. ஆனால் அந்தச் சலவை மடிப்பு அப்படியே இருந்தது. நான் நின்றுவிட்டேன். அவர் எழுந்து நின்றார். பழக்கதோஷத்தில் சல்யூட் வைக்கக் கை நெற்றிவரை போனது.

"சார்ஜண்ட்?"

"பென்சன் வாங்கிட்டேன், புவான்." பிறகு மற்ற மாணவர்களைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டார். "இல்ல, மிஸ்."

வகுப்பு முடிந்ததும் கேண்டீனில் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தேத்தாரிக் தேநீர் குடித்தோம். ஏன் இந்த வயதில் சட்டம் என்று கேட்டேன். "முப்பது வருசம் சாட்சி சொன்னேன் மிஸ். கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இறங்கிடுவேன். அந்தக் கேள்வி எங்கேருந்து வருதுன்னு யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல. தெரிஞ்சுக்கணும்னு ஒரு ஆசை. வீட்டுக்காரி சும்மா வீட்டுல உக்காந்து என்னை விசாரிக்காதீங்கன்னு அனுப்பிட்டா." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாணவர்கள் அவரை 'அங்கிள்' என்று அழைத்தார்கள். ஆங்கிலப் பாடநூல் அவருக்குக் கடினமாக இருந்தது. ஆனால் மலாயில் வழக்குகளை விளக்குவதில் அவர்தான் எல்லாருக்கும் முன்னால். முதல் தேர்வில் கட்டுரை எழுதத் தெரியாமல் தடுமாறினார். போலீஸ் அறிக்கை மாதிரியே எழுதினார். எது நடந்தது, எங்கே நடந்தது என்பதோடு நிறுத்திவிடுவார், வாதம் என்று ஒன்று இருக்காது. "உங்க கருத்தையும் சொல்லுங்க சார்ஜண்ட்" என்றால், "கருத்துச் சொன்னா மேலதிகாரி திட்டுவாரு மிஸ்" என்பார். மெல்ல மெல்ல வாதம் வந்தது. ஒரு கட்டுரையில் முதல் தடவையாக "நீதிபதி சொன்னதை நான் ஏற்கவில்லை" என்று எழுதியிருந்தார். அதன் கீழே சிவப்பு மையில் நான் போட்ட கோடு பக்கத்தின் அந்த ஓரம்வரை போனது.

அந்தப் பருவத்தின் கடைசியில் மாதிரி நீதிமன்றம் நடத்தினோம். ஒரு விபத்து வழக்கை நானே கற்பனை செய்தேன். சார்ஜண்டைத் தவிர வேறு யாரை விசாரணை அதிகாரியாகப் போடுவது? மாணவர்கள் ஒவ்வொருவராகக் குறுக்கு விசாரணை செய்தார்கள். மேசையைத் தட்டினார்கள், விரலை நீட்டினார்கள், சினிமா வக்கீல் மாதிரி குரலை உயர்த்தினார்கள். அவர் அசையவில்லை. "ஆமாம்." "இல்லை." "அதை நான் பார்க்கவில்லை." ஒவ்வொருவராக வியர்த்துப்போய் உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு பெண், செனாய்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெற்றோரின் மகள், வகுப்பில் குரலே கேட்காதவள், எழுந்து நின்று மெதுவாகச் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டாள். எவ்வளவு நேரம் கழித்து இடத்துக்குப் போனீர்கள்? போனபோது வாகனங்கள் நகர்த்தப்பட்டிருந்தனவா? யார் நகர்த்தியது? தெரியாதா? சரி, நன்றி. உட்கார்ந்துவிட்டாள். சார்ஜண்ட் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். அவள் எதை எடுத்துக்கொண்டு போனாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்: படத்தில் வாகனங்கள் நின்ற இடத்தை வைத்து இனி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

உடனே வகுப்பு ஆரவாரம் செய்தது. "மிஸ், இப்ப நீங்க! மிஸ் கேக்கணும்!" வேறு வழியில்லாமல் எழுந்தேன். நீதிமன்றத்தை விட்டு வந்தபின் நான் குறுக்கு விசாரணை செய்யும் முதல் நாள் அது. கேள்விகள் தாமாக வந்தன. உடம்பு மறக்கவில்லை. ஆனால் எதிரே நின்றவரும் மறக்கவில்லை. ஒரு பக்கம் கதவைத் திறந்தால் அவர் மறுபக்கம் ஏற்கெனவே பூட்டி வைத்திருந்தார். அளவைக் கேட்டேன், சொன்னார். திசையைக் கேட்டேன், சொன்னார். கம்பங்களைப் பற்றிக் கேட்டபோது, நான் முடிக்கும் முன்பே இரண்டு பக்கத்தையும் சொன்னார். கடைசியில் நான் கையை விரித்து, "கேள்விகள் இல்லை" என்றேன். வகுப்பு மேசைகளைத் தட்டிக் கொண்டாடியது. தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோசம் வேறெப்போதும் வந்ததில்லை.

சார்ஜண்ட் இறங்கவில்லை. சாட்சி நின்ற இடத்திலேயே நின்று மாணவர்களைப் பார்த்துப் பேசினார்.

"நான் இவங்ககிட்ட ஒரு தடவ மாட்டியிருக்கேன். கூலாய் கேஸ். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடல. கோவம் இல்ல, வெக்கம். ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு இடத்துலயும் படம் வரையும்போது, இந்தம்மா நாளைக்கு வந்து என்ன கேப்பாங்கன்னு நினைச்சுத்தான் வரைவேன். எனக்குக் கீழ வேல செஞ்ச பசங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். நீங்க இவங்கள மிஸ்ஸுனு கூப்பிடுறதுக்கு ரொம்ப முன்னாலயே எனக்கு இவங்கதான் மிஸ்."

நான் திரையை அணைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். நீதிமன்றத்தில் நான் பேசியதெல்லாம் தீர்ப்போடு முடிந்துபோகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மனிதர் அதைச் சாலை சாலையாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

சார்ஜண்ட் டிப்ளோமாவை நல்ல தரத்தில் முடித்தார். பட்டமளிப்பில் மாணவர்கள் 'அங்கிள்! அங்கிள்!' என்று கத்தியதில் மேடையில் பெயர் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. அவர் மனைவி என்னிடம் வந்து, "இப்ப வீட்டுல கேள்வி இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு மேடம்" என்று முறையிட்டார்.

சில மாதங்களுக்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டார். வடக்கே ஒரு நிலையத்தில் இருக்கும் அவருடைய பழைய மேலதிகாரி, விபத்துகளை விசாரிக்கும் இளம் அதிகாரிகளுக்கு ஒரு நாள் பயிற்சி கேட்டிருக்கிறார். "நான் மட்டும் போனா கதை சொல்லிட்டு வந்துடுவேன் மிஸ். நீங்களும் வாங்க. பசங்கள நல்லா கேள்வி கேளுங்க."

போனோம். சின்ன மண்டபம், மின்விசிறி, ஒரு மேசையில் கரிப்பாப்புப் பலகாரமும் காப்பியும். இருபது வயதைத் தாண்டியிருக்கும் பெண் அதிகாரி ஒருத்தி முதலில் வந்து நின்றாள். சார்ஜண்ட் விபத்தைச் சொன்னார், அவள் பலகையில் வரைந்தாள், நான் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நின்று கேட்டேன். மதியம்வரை ஒவ்வொருவராக வந்தார்கள். நான் ஓட்டையைக் காட்டுவேன், அதை எப்படி அடைப்பது என்று சார்ஜண்ட் காட்டுவார். எந்த இடத்தில் யார் பேச வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவே இல்லை. தேவைப்படவும் இல்லை. முடிந்ததும் அந்தப் பெண் அதிகாரி ஓடிவந்து தன் படத்தைக் காட்டினாள். எல்லாவற்றையும் திருத்தி மறுபடி வரைந்திருந்தாள். நான் தேடிப் பார்த்தேன். கேட்க ஒன்றுமில்லை என்றேன். அவள் முகம் மலர்ந்ததைச் சார்ஜண்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரை நிறுத்தினோம். சூடாக வாழைப்பழப் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்து அவர் என் எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் லோரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஒண்ணு சொல்லணும். நம்ம காலேஜ்லயே டிகிரிக்கும் பேர் கொடுத்துட்டேன்."

"நிஜமாவா? வீட்டுல என்ன சொன்னாங்க?"

"முடிக்கும்போது எழுபது ஆயிடும்னு சொன்னா. படிக்காட்டியும் எழுபது ஆகத்தானே போகுதுன்னேன்." ஒரு பலகாரத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "சாட்சியச் சட்டம் நீங்கதானே எடுப்பீங்க? டைம்டேபிள் பாத்துட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில."

"நான்தான். ஆனா அது கஷ்டமான பாடம், சார்ஜண்ட்."

"தெரியும் மிஸ். அதான் முன்வரிசையில இடம் பிடிக்கலாம்னு இருக்கேன்."